முட்களுக்கிடையே ஓர் அடைக்கலம்

நீள்முட் கடல் முள்ளியின் கதை

கடற்கரைக் கிராமங்களில் பிறந்து வளர்ந்த எம்மவர்களுக்குக் கடல் முள்ளியை அறிமுகம் செய்துவைக்கத் தேவையில்லை. கற்பாறைப் பக்கம் குளிக்கப் போகும் பிள்ளைகளுக்கு அம்மாமார் முதலில் சொல்லும் எச்சரிக்கையே அதைப் பற்றியதுதான். உருண்டையான கறுப்பு உடல், அதைச் சுற்றி ஊசி ஊசியாக நீண்ட முட்கள். மிதித்தால் முள் ஏறும். ஏறிய முள் உள்ளேயே முறியும். இரவு முழுக்கக் கடுக்கும்.

இப்படிப்பட்ட பிராணி அழிந்து போனால் நல்லதுதானே என்று எவருக்கும் தோன்றும். 1983ஆம் ஆண்டில் கரிபியன் கடலில் அது உண்மையாகவே நடந்தது. ஓராண்டுக்குச் சற்றுக் கூடிய காலத்தில் அங்கிருந்த நீள்முட் கடல் முள்ளிகளில் பெரும்பங்கு செத்து மடிந்தன. அதன் பின்னர் அந்தக் கடலுக்கு என்ன நேர்ந்தது என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது. ஏனெனில் இக்கதையின் ஒரு முனை ரெக்சாஸ் கரைக்கு அப்பால் இருக்கிறது. மறுமுனை நாம் விட்டுவந்த கடலைத் தொடுகிறது.

ஒரே குடும்பம், பல கடல்கள்

கடல் முள்ளிகள் முட்தோலிகள் என்ற இனத்தைச் சேர்ந்தவை. நட்சத்திர மீனும், எமது வடபகுதிக் கடலில் சுழியோடிகள் பிடிக்கும் கடலட்டையும் இவற்றின் உறவினரே. உலகக் கடல்களில் ஏறத்தாழ 950 வகைக் கடல் முள்ளிகள் உண்டு. அவற்றுள் முள் மிக நீண்ட குடும்பத்துக்கு ‘டயடீமா’ என்று பெயர். மகுடம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது.

இலங்கை, இந்தியக் கரைகளில் இக்குடும்பத்தின் இரு வகைகளைக் காணலாம். ஒன்று டயடீமா செற்றோசம். இதன் உடலின் மேற்புறத்தில் ஐந்து வெள்ளைப் புள்ளிகளும், நடுவே கண்போன்ற ஒரு செம்மஞ்சள் வளையமும் இருக்கும். மற்றையது டயடீமா சவிக்னி. இதில் அந்த வளையம் இராது. பதிலாக நீல நிறக் கோடுகள் மின்னும். திருகோணமலை நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவைச் சுற்றியும், மன்னார் வளைகுடாவிலும் இருப்பது போன்ற முருகைக்கற் பாறைகளும் அவற்றை அடுத்த கற்தரைகளும் கடற்புல் திடல்களுமே இவை வாழுமிடம்.

அமெரிக்காவின் பக்கம் வேறு இரு வகைகள் உள்ளன. கரிபியன் கடலிலும் மெக்சிக்கோ வளைகுடாவிலும் வாழ்வது டயடீமா அன்ரிலாரம். மெக்சிக்கோவின் பசிபிக் கரையில் வாழ்வது டயடீமா மெக்சிக்கானம். இவை இரண்டும் ஒரு காலத்தில் ஒரே கடலில் ஒன்றாக வாழ்ந்தவை. சுமார் 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் பனாமாப் பூசந்தி கடலை ஊடறுத்து நிலமாக எழுந்தது. நடுவே நிலம் வந்ததால் ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்து, காலப்போக்கில் இரு வேறு இனங்களாகவே மாறிவிட்டது.

முள்ளும் பல்லும்

டயடீமாவின் உடல் ஒரு தோடம்பழ அளவுதான். முள்ளோ 30 சென்ரிமீற்றர் வரை வளரும். முள் உள்ளே கோறையானது, சுண்ணாம்பினால் ஆனது, எளிதில் முறிவது. அதன் மேற்பரப்பில் நுண்ணிய மறுமுட்கள் இருப்பதால் உட்புகுந்தது இலகுவில் வெளியே வராது. இதற்குத் தனியாகக் கண் இல்லை. ஆனால் உடம்பு முழுவதும் ஒளியை உணரும். மேலே ஒரு நிழல் விழுந்தால் போதும், முட்கள் அத்தனையும் அந்தத் திசைக்குத் திரும்பும்.

முட்களைப் பார்த்துப் பயப்படும் நாம் அதன் வாயைக் கவனிப்பதில்லை. வாய் அடிப்பக்கத்தில் இருக்கிறது. அதில் ஐந்து பற்கள் ஒன்றுசேர்ந்த ஒரு பொறி உண்டு. ‘அரிஸ்ரோட்டிலின் விளக்கு’ என்பது அதன் பெயர். பகலில் கல்லிடுக்கில் பதுங்கிக் கிடக்கும் முள்ளி, இருட்டியதும் வெளியே வந்து பாறையில் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்னும். விடியுமுன் பெரும்பாலும் பழைய இடுக்குக்கே திரும்பிவிடும்.

இந்தச் சுரண்டலில்தான் முழுக் கதையும் அடங்கியிருக்கிறது. முருகைக்கல் என்பது உயிருள்ள பிராணி கட்டிய கல். அதன் குஞ்சுகள் நீரில் மிதந்து வந்து, சுத்தமான கல் கிடைத்தால் மட்டுமே ஒட்டிக்கொண்டு வளரும். பாசி மூடிய கல்லில் அவற்றுக்கு இடமில்லை. ஆகவே இரவிரவாகப் பாசியைத் துப்புரவாக்கும் முள்ளிதான் புதிதாக வருவோருக்குக் குடியிருக்க நிலம் ஒதுக்கிக் கொடுக்கிறது.

அதுமட்டுமல்ல. எந்த முள் எமக்கு எதிரியோ, அதே முள் பல சிற்றுயிர்களுக்கு வீடு. சின்னஞ்சிறு மீன்களும் இறால்களும் துரத்தப்படும்போது டயடீமாவின் முட்களுக்கிடையே புகுந்து ஒளிக்கின்றன. இந்து சமுத்திரத்தில் கத்திபோல் மெல்லிய ஒருவகை மீன் முட்களோடு முள்ளாகத் தலைகீழாக நின்று உயிர் தப்பும். முள்ளியின் சொந்தக் குஞ்சுகளும் பெரியவற்றின் முட்குடையின் கீழேதான் தமது முதல் மாதங்களைக் கழிக்கின்றன.

1983

1983 ஜனவரியில், பனாமாக் கால்வாயின் கரிபியன் பக்க வாசலுக்கு அருகே முள்ளிகள் சாகத் தொடங்கின. முதலில் முட்களில் அழுக்குப் படிந்தது. பின்னர் முட்கள் துவண்டு உதிர்ந்தன. கல்லைப் பற்றியிருந்த குழாய்ப்பாதங்கள் பிடிவிட்டன. பகல் வெளிச்சத்தில் வெட்டவெளியில் உருண்டு கிடந்தவற்றை மீன்கள் கொத்தித் தின்றன. சில நாட்களில் வெறும் வெள்ளை ஓடுகளே மிஞ்சின.

பனாமாவிலுள்ள ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹரிலாவோஸ் லெசியோஸ் என்ற விஞ்ஞானியும் அவருடைய தோழர்களும் இந்த மரணத்தின் பயணத்தைப் பதிவு செய்தார்கள். நோய் நீரோட்டங்களின் வழியே தீவு தீவாகப் பரவி, 1984இல் மெக்சிக்கோ வளைகுடாவையும் பிடித்தது. கணக்கெடுத்த இடங்களில் 93 வீதத்துக்குக் குறையாமல் மாண்டன. பல இடங்களில் 99 வீதம். மற்றைய கடல் முள்ளி இனங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பனாமாவின் மறுபுறம் இருந்த பசிபிக் உறவினருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நடுவே எழுந்த நிலம் இந்த முறை அவற்றைக் காப்பாற்றியது.

விளைவை மிகத் தெளிவாகக் காட்டிய இடம் ஜமெய்க்கா. அங்கே பாசி தின்னும் மீன்களை மக்கள் நெடுங்காலமாகவே அளவுக்கு மீறிப் பிடித்துத் தீர்த்திருந்தார்கள். 1980இல் அலன் என்ற சூறாவளி முருகைக்கற்களை நொறுக்கியது. அப்படியிருந்தும் முள்ளிகள் பாசியைத் தின்று ஈடுகொடுத்து வந்தன. அவையும் போனதும் தடுப்பதற்கு எவரும் இல்லை. 1970களின் பிற்பகுதியில் கடலடியில் பாதிக்கு மேல் உயிருள்ள முருகைக்கல்லாக இருந்தது; 1990களின் தொடக்கத்தில் அது 3 வீதமாகக் குறைந்தது. 4 வீதமாக இருந்த பாசி 90 வீதத்தைத் தாண்டியது. எல்லாப் பொறுப்பையும் ஒரே தோளில் சுமத்தினால், அந்தத் தோள் சரியும் நாளில் வீடே சரியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

தப்பியவை ஏன் பெருகவில்லை?

எல்லாமே சாகவில்லை. நூற்றுக்கு ஒன்றோ, ஐந்தோ தப்பின. ஒரு முள்ளி ஒரே தடவையில் இலட்சக்கணக்கான முட்டைகளை இடும். பத்து வருடத்தில் பழையபடி நிறைந்துவிடும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் 30 ஆண்டுகள் கழித்தும் அவற்றின் தொகை பழைய அளவில் சுமார் 12 வீதமாகவே இருந்தது.

காரணம் எளிது. கடல் முள்ளிகள் இணை சேர்வதில்லை. நிலவின் ஓட்டத்தை அனுசரித்து ஆணும் பெண்ணும் தத்தம் அணுக்களை நீரில் விடும். அவை நீரிலேயே சந்திக்க வேண்டும். நெருங்கி இருந்தால் சந்திக்கும். சில மீற்றர் விலகியிருந்தாலே அலை அவற்றைக் கலைத்துவிடும். தப்பியவை ஆளுக்கொரு திசையில் தனித்தனியே இருந்ததால், உயிரோடு இருந்தும் குலம் தழைக்கவில்லை.

அப்படியே கருக்கட்டினாலும் குஞ்சு சுமார் 40 நாட்கள் நீரோட்டத்தில் அலைய வேண்டும். எங்கேயோ பிறந்தது எங்கேயோ கரை சேரும். சேர்ந்த இடத்தில் சுரண்டித் துப்புரவாக்கிய கல்லும், ஒதுங்குவதற்குப் பெரியவற்றின் முட்குடையும் இருந்தால் பிழைக்கும். பெரியவர்கள் இல்லாத இடத்தில் வந்திறங்கிய குஞ்சுகளை மீனும் நண்டும் விட்டுவைப்பதில்லை. புதிய நாட்டில் முதல் வாடகை வீட்டை யார் தேடித் தந்தார், பிள்ளையின் பாடசாலைப் படிவத்தை யார் நிரப்பித் தந்தார் என்று எண்ணிப் பார்க்கும் எவருக்கும் இந்த விஞ்ஞானம் விளங்கக் கடினமாக இராது.

ரெக்சாஸின் பூந்தோட்டப் பார்

கல்வெஸ்ரன் கடற்கரையில் கால் நனைத்தவர்கள், இந்தக் கலங்கல் தண்ணீரில் முருகைக்கல்லா என்று கேட்பார்கள். கரையில் இல்லைத்தான். ஆறுகள் கொண்டுவரும் சேறும் மணலும் அங்கே அதற்கு இடம் கொடா. ஆனால் கரையிலிருந்து நூறு மைலுக்கு அப்பால், கடலடியில் பழங்காலத்து உப்புப் படிவங்கள் தரையை மேலே தள்ளி மலைகளாக உயர்த்தியிருக்கின்றன. அவற்றின் உச்சி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 55 அடி ஆழத்திலேயே உள்ளது. தெளிந்த நீர், சூரிய ஒளி எட்டும் ஆழம். தென்மெக்சிக்கோப் பக்கத்திலிருந்து நீரோட்டத்தில் மிதந்துவந்த முருகைக் குஞ்சுகள் அங்கே ஒட்டி வளர்ந்தன.

கடலுக்குள் உயர்ந்திருக்கும் இத்தகைய திட்டை எமது மீனவர்கள் ‘பார்’ என்பார்கள். மன்னாரின் முத்துப்பார் பெயர்பெற்றது. இங்குள்ள மீனவர்களும் நிறநிறமான அந்த அடித்தளத்தைக் கண்டு ‘பூந்தோட்டம்’ என்றே பெயர் வைத்தார்கள். அந்தப் பூந்தோட்டப் பார்கள் 1992இல் தேசியக் கடற் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டன. 2021இல் எல்லை விரிவாக்கப்பட்டு 17 பார்கள், 160 சதுர மைல் என்றாயிற்று.

1984இல் நோய் இங்கும் வந்து டயடீமாவை வாரிக்கொண்டு போயிற்று. ஆனால் இந்தப் பார் ஜமெய்க்காவைப் போல் ஆகவில்லை. பிந்திய பல ஆண்டுகளிலும் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் முருகைக்கல் உயிரோடு இருந்தது. கரையின் கழிவு எட்டாத தூரம், ஆழம், பாசி தின்னும் கிளிமீன் கூட்டங்கள் ஆகிய எல்லாம் சேர்ந்து தாங்கின. ஒருவர் விழுந்தபோது பிடிக்க இன்னும் சிலர் இருந்தார்கள்.

கலிபோர்னியாவில் மறுபக்கம்

முள்ளி குறைந்தால் கேடு என்றோம். கூடினாலும் கேடு என்பதற்குச் சான்று சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள கரை. அங்கு வாழ்வது டயடீமா அல்ல. குளிர்கடலின் ஊதா முள்ளியும், நூறாண்டுக்கு மேல் வாழக்கூடிய செம்முள்ளியும். ‘கெல்ப்’ எனப்படும் இராட்சதக் கடற்பாசிகள் அங்கே தென்னந்தோப்புப் போல உயர்ந்து நிற்கும். ஊதா முள்ளியைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்தது இருபதுக்கு மேற்பட்ட கைகள் கொண்ட சூரியகாந்தி நட்சத்திர மீன்.

2013இல் தொடங்கிய ஒரு நோயில் அந்த நட்சத்திர மீன்கள் கரைந்து அழிந்தன. அதன் கிருமி விப்ரியோ வகையைச் சேர்ந்தது என்று 2025இல்தான் உறுதியாயிற்று. அடுத்து 2014 முதல் 2016 வரை கடல் வழமைக்கு மாறாகச் சூடேறியது. எதிரி இல்லாத ஊதா முள்ளிகள் பெருகிப் பாசித்தோப்புகளை வேரோடு தின்றன. வட கலிபோர்னியாவில் தோப்பின் 90 வீதத்துக்கு மேல் மறைந்தது. அதை நம்பி வாழ்ந்த அபலோனிச் சிப்பிகள் பட்டினியில் மடிய, 2018இல் அவற்றைப் பிடிப்பதும் தடை செய்யப்பட்டது. அங்கே தொண்டு செய்த அதே பல் இங்கே தோப்பைத் தரிசாக்கியது. குற்றம் முள்ளியில் இல்லை, குலைந்தது சமநிலை.

நியூ ஜேர்சியில் இருப்போரும் விடுபடவில்லை. அங்குள்ள கடலில் வாழ்வது ஆர்பேசியா என்ற ஊதா முள்ளி. இதன் முட்டைகளை ஆராய்ந்தபோதுதான், கலங்கள் பிரிவதை முடுக்கும் ‘சைக்கிளின்’ என்ற புரதத்தை ரிம் ஹன்ற் 1982இல் கண்டுபிடித்தார். புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பெரிதும் உதவிய அக்கண்டுபிடிப்புக்கு 2001இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

மீண்டும் வந்த நோய்

2022 ஜனவரியில் கரிபியனில் மீண்டும் டயடீமாக்கள் சாகத் தொடங்கின. முதலில் கண்டது சென்ற் தோமஸ் தீவில். 1983இன் கொலையாளி யார் என்பது அந்நாளில் கண்டுபிடிக்கப்படவில்லை. இம்முறை தென் புளோரிடாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மையா பிறைற்பார்ட் தலைமையிலான குழு, பிசிர்கள் கொண்ட ஓர் ஒற்றைக்கல உயிரியே காரணம் என்று 2023இல் நிரூபித்தது. அதன் இனப்பெயர் பிலாஸ்ரர்.

இனி வருவதுதான் எம்மைத் தொடுவது. எமது கடலில் வாழும் அதே டயடீமா செற்றோசம், சுயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலுக்குக் குடிபெயர்ந்திருந்தது. 2006இல் துருக்கிக் கரையில் முதலில் காணப்பட்டது. 2022இல் அங்கே அது கூட்டமாக மடிந்தது. 2023இல் செங்கடலிலும் அதே மரணம். பின்னர் இந்து சமுத்திரத்தின் ரியூனியன் தீவுவரை அதே பிசிருயிரியின் தடயம் இருப்பதை, தெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் ஒம்ரி புரொன்ஸ்ரைன் குழுவினர் 2024இல் வெளியிட்டார்கள். ஆக இந்த நோய் எமது சமுத்திரத்தினுள் கால்வைத்துவிட்டது. ஆழ்கடலில் பரவும் நோய்க்கு மருந்து இல்லை. புளோரிடாவில் செய்வது போல் முட்டையிலிருந்து குஞ்சுகளை வளர்த்து, கூட்டமாகக் கடலில் விடுவதே இப்போதைக்குக் கைகண்ட முயற்சி. எங்கே சாகின்றன என்று உடனடியாகத் தெரிந்துகொள்வது அதற்கு முதற்படி.

கடற்கரைக்குப் போகும் குடும்பங்களுக்கு

சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே மொஸ் பீச்சிலுள்ள ஃபிற்ஸ்ஜெரால்ட் கடற் சரணாலயத்தில் வற்று நேரத்தில் ஊதா முள்ளிகளைக் கல்குழிகளில் நேரில் பார்க்கலாம். நீர் வற்றும் நேரத்தை முன்கூட்டியே அறிந்து செல்லுங்கள். அங்கிருந்து கல்லோ சிப்பியோ எதையும் எடுத்துவரக் கூடாது, சட்டப்படி குற்றம். ஊரில் சிப்பி பொறுக்கிப் பழகிய பெரியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லுங்கள்.

மீன்காட்சிச்சாலைகளின் நுழைவுக் கட்டணம் கூடுதலே. ஆனால் பல பொது நூலகங்கள் இலவச அனுமதிச் சீட்டு இரவல் தருகின்றன. உணவு உதவிக்கான ஈ.பி.ரி. அட்டை உள்ள குடும்பங்களுக்குப் பல காட்சிச்சாலைகள் கட்டணத்தை வெகுவாகக் குறைக்கின்றன. தொலைபேசியில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

புளோரிடா, ஹவாய் போன்ற இடங்களில் கற்பாறைக் கடலில் இறங்கினால் அடி தடித்த சப்பாத்து அணியுங்கள். முள் ஏறினால் பிதுக்க வேண்டாம், முறிந்து உள்ளே போகும். பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்தால் கடுப்புத் தணியும். வெளியே நீட்டி நிற்பதை மட்டும் சாவணத்தால் மெதுவாக எடுக்கலாம். கறுப்பாகத் தெரிவதெல்லாம் முள் அல்ல. சில வேளை வெறும் சாயமே. முள் மூட்டுக்கு அருகே ஏறியிருந்தாலும், வீக்கமோ காய்ச்சலோ வந்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். ஏற்புத்தடை ஊசி போட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். மூச்சுத் திணறினால் 911ஐ அழையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது, கடலோடு வாழும் உறவினரிடம் இதைச் சொல்லிவையுங்கள். முள்ளிகள் பகலில் வெட்டவெளியில் கிடந்தால், முள் துவண்டு உதிர்ந்தால், கல்லைப் பற்றாமல் உருண்டால், அது வெறும் சாவு அல்ல. அந்தப் பக்கத்துக் கடற்றொழில் திணைக்களத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ தெரிவிக்க வேண்டிய செய்தி. சுழியோடியின் கண்தான் விஞ்ஞானிக்கு முன்னே காணும்.

இந்தப் பிராணிக்கு எமது கரைகளில் ஊருக்கு ஊர் வேறு வேறு பெயர் வழங்குகிறது. உங்கள் ஊரில் அதை எப்படி அழைப்பீர்கள் என்று வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு, ஊர்ப் பெயரோடு எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் அவற்றைத் தொகுத்து வெளியிடுவோம்.